பழைய அண்டாவும் கல்யாணச் சமையலும்: நகராட்சி ஏலமும் டெண்டரும் எப்படி இயங்குகின்றன?

நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நகர்மன்றக் கூட்டச் செய்தி வரும். குடிநீருக்காக கவுன்சிலர்கள் சண்டை போட்டதும் வெளிநடப்பு செய்ததும் நாலு பத்திக்கு ஓடும். கடைசியில் ஒரே வரி: பின்னர் அனைத்துத் தீர்மானங்களும் நிறைவேற்றப்பட்டன. ஊர்ப்பேச்சில் இதற்கு 'ஆல் பாஸ்' என்று பெயர். அந்த ஒரு வரிக்குள் பெரும்பாலும் இரண்டு வகைத் தீர்மானங்கள் இருக்கும். ஒன்று, ஓடாமல் நிற்கும் குப்பை லாரியையும் பழைய மோட்டாரையும் ஏலம் விடுவது. இன்னொன்று, சாலையோ வடிகாலோ போட வந்த டெண்டரை ஏற்பது. ஊர்ப் பணம் கைமாறுவது இந்த இரண்டிலும்தான்.

இரண்டுமே நமக்குப் பழகிய வேலைகள். ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் பழைய பித்தளை அண்டாவும் ஓடாத கிரைண்டரும் கிடக்கின்றன; அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போட வேண்டும். வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். சமையலை ஒரு மாஸ்டரிடம் விட வேண்டும். அண்டாவை விற்பது ஏலம். சமையலை விடுவது டெண்டர். இந்த ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நகராட்சிக்குள் நுழைந்து, படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், வீட்டில் யார் யார்?

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. நாம் நடுவில் உள்ள நகராட்சியைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் நகராட்சிகள் நீண்ட காலம் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி நடந்தன. 2023 முதல் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன.

வார்டுக்கு ஒரு கவுன்சிலர். கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்தான் சேர்மன். இது வீட்டுப் பெரியவர்கள் கூடும் கூட்டம். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று இவர்கள் பேசி முடிவெடுக்கிறார்கள்.

சாவிக்கொத்து இவர்கள் கையில் இல்லை. அது ஆணையாளர் கையில் இருக்கிறது. அவர் அரசு நியமித்த அதிகாரி. அவருக்குக் கீழே பொறியாளர், கணக்காளர், சுகாதார அலுவலர் என்று ஒரு படை உண்டு. வீட்டில் அடுப்பங்கரை தெரிந்த ஒருவர் இருப்பார் அல்லவா? நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய் என்று விரல்விட்டுச் சொல்லும் ஆள். நகராட்சியில் அந்த இடம் பொறியாளருக்கு. கூட்டத்தில் கை தூக்குபவர்கள் வேறு, கணக்குப் போடுபவர் வேறு என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால், பின்னால் வரும் எல்லாம் எளிது.

அடுத்து, அண்டாவை விற்பது

ஒரு குப்பை லாரி ஓடாமல் நின்றுவிட்டது என்று வையுங்கள். நின்ற மறுநாளே அதை விற்றுவிட முடியாது. முதலில் அது உதவாது என்று ஆக வேண்டும். இதை அலுவலகத்தில் 'கண்டம் செய்வது' என்பார்கள்.

முதல் வேலை, இருப்புப் பதிவேட்டைத் திறப்பது. எந்த ஆண்டு வாங்கியது, என்ன விலை, இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பழுது பார்க்க எவ்வளவு செலவானது என்று அதில் இருக்க வேண்டும். பிறகு அரசு தானியங்கிப் பணிமனை போன்ற இடத்திலிருந்து தகுதியுள்ள பொறியாளர் வந்து பார்ப்பார். இனிப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று அவர் சான்று தர வேண்டும். வீட்டிலும் அப்படித்தானே? அண்டாவில் ஓட்டை என்றால் முதலில் ஈயம் பூசுபவரிடம் கேட்கிறோம். பூசுகிற கூலி அண்டாவின் விலையைத் தாண்டினால்தான் பழைய சாமானுக்குப் போடுகிறோம்.

இந்தச் சான்றில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வண்டி வயதாகிப் போனதா, கவனிப்பில்லாமல் போனதா? மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது நிதி விதிகள், 2017 இதை நேராகவே சொல்கின்றன: அலட்சியத்தாலோ மோசடியாலோ ஒரு பொருள் உதவாமல் போயிருந்தால், அதற்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும். ஆயில் மாற்றாமல் எஞ்சினை எரித்துவிட்டு 'வண்டி பழசு' என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

வண்டிக்கு இப்போது இன்னொரு சட்டமும் சேர்ந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. நகராட்சி, ஊராட்சி வண்டிகளுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுவதற்காக யாருக்கும் விற்க முடியாது. பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் வண்டியைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சான்றும், உடைத்து முடித்ததற்கு ஒரு சான்றும் தருவார்கள். இரண்டையும் வாங்கிக் கோப்பில் வைத்த பிறகுதான் அந்த லாரியின் கதை முடிந்தது.

பழைய சாமான்காரர் வருவதற்கு முன் எடை போடுங்கள்

விற்பது என்று முடிவான பிறகு, ஒரு விலை வேண்டும். இதற்குக் குறைந்தபட்ச ஏலத்தொகை என்று பெயர். இதற்குக் கீழே யார் கேட்டாலும் தருவதில்லை.

விவரம் தெரிந்த வீட்டில் என்ன செய்வார்கள்? பழைய சாமான்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்பே, மளிகைக் கடைத் தராசில் அண்டாவை எடை போட்டு வைத்திருப்பார்கள். பித்தளை கிலோ என்ன விலை போகிறது என்று கடைவீதியில் விசாரித்தும் வைத்திருப்பார்கள். அவர் "நாலு கிலோதாம்மா இருக்கு" என்று சொல்லும்போது இவர்கள் கையில் பதில் தயாராக இருக்கும். எடை போடாத வீட்டில் அவர் சொன்னதுதான் கணக்கு. குறைந்தபட்ச ஏலத்தொகை அந்த முன்கூட்டிப் போட்ட எடை. அதைக் குறைத்துப் போட்டுவிட்டால், பிறகு ஏலம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் பயனில்லை.

அடுத்து, பொருளை எப்படிக் கூறு போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பித்தளை அண்டாவையும் இரும்புச் சட்டியையும் பிளாஸ்டிக் வாளியையும் ஒரே சாக்கில் போட்டால், சாமான்காரர் எல்லாவற்றுக்கும் இரும்பு விலைதான் சொல்வார். நகராட்சிக் கிடங்கிலும் அதே கதை. தாமிரக் கம்பி சுற்றிய பழைய நீரேற்று மோட்டார்கள், எல்.இ.டி. வந்த பிறகு கழற்றிப் போட்ட தெருவிளக்குகள், உடைந்த தள்ளுவண்டிகள், துருப்பிடித்த குழாய்கள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். தாமிரத்தைத் தனியாகவும் இரும்பைத் தனியாகவும் பிரித்து ஏலம் விட்டால் வருவாய் கூடும். பழைய பேட்டரிகளையும் கம்ப்யூட்டர்களையும் கட்டாயம் பிரித்தே ஆக வேண்டும். அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தரலாம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் மின்னணுக் கழிவு விதிகளும் அப்படிச் சொல்கின்றன.

பிறகு மன்றத்தின் ஒப்புதல், அதன் பின் ஏல அறிவிப்பு. ஏலம் அலுவலக வளாகத்தில் நேரடியாக நடக்கலாம், எம்.எஸ்.டி.சி. போன்ற நிறுவனத்தின் இணையதளத்திலும் நடக்கலாம். 1964-இல் தொடங்கிய இந்த மத்திய அரசு நிறுவனம் அரசு அலுவலகங்களின் பழைய பொருட்களை மின் ஏலத்தில் விற்றுக் கொடுக்கிறது. ஏலம் கேட்பவர் முன்பணம் கட்ட வேண்டும். அதிகம் கேட்டவர் மீதிப் பணத்தையும் வரியையும் கட்டிய பிறகுதான் பொருள் வாசலைத் தாண்டும். பணம் முழுதாக வராமல் அண்டாவைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் விதி.

இனி, கல்யாணச் சமையல்: மளிகை லிஸ்டிலிருந்து தொடங்குவோம்

விற்பதில் அதிக விலை கேட்டவருக்குப் பொருள். வேலை கொடுப்பதில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: வெளியாள் வருவதற்கு முன் நாமே போட்டு வைத்த கணக்கு. ஏலத்தில் அது குறைந்தபட்சத் தொகை. டெண்டரில் அதன் பெயர் எஸ்டிமேட், அதாவது மதிப்பீடு.

எஸ்டிமேட் ஒரு மளிகை லிஸ்ட். எத்தனை இலை, என்னென்ன பதார்த்தம், அதற்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை ஆள் கூலி என்று எழுதி, கடைசியில் கூட்டுவது. சாலைக்கும் இதே வரிசை. எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், என்ன ஜல்லி, என்ன தார் என்று ஒவ்வோர் இனமாக எழுதுவார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் விலை எங்கிருந்து வருகிறது? அதைப் பொறியாளர் தன் மனத்திலிருந்து எழுத முடியாது. பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் வெளியிடும் விலைவிகிதப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். குவாரியிலிருந்து ஜல்லி வரும் தூரத்துக்கு 'லீடு' என்று பெயர். அந்த லாரி வாடகையும் சேரும். ஜி.எஸ்.டி.யும் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான பிடித்தமும் அதன்மேல் ஏறும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு தெருவுக்கு 200 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலத்தில் தார்ச்சாலை என்று வையுங்கள். பரப்பு 750 சதுர மீட்டர். மேலடுக்கின் கனம் 40 மில்லிமீட்டர் என்று எஸ்டிமேட் சொன்னால், வேண்டிய கலவை 30 கன மீட்டர். அதே சாலையை 30 மில்லிமீட்டரில் போட்டு முடித்தால் 22.5 கன மீட்டர் போதும். 7.5 கன மீட்டர் மிச்சம். இறுகிய தார்க்கலவையில் அது ஏறத்தாழ 17 டன்! நடந்து போகிற உங்களுக்கும் எனக்கும் அந்த ஒரு சென்டிமீட்டர் தெரியவே தெரியாது. மழைக்காலம் வந்தால்தான் தெரியும்.

எஸ்டிமேட்டில் என்ன எழுதவில்லை என்பதும் முக்கியம். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, வீட்டு வாசல்கள் பள்ளத்துக்குப் போன தெருக்கள் ஊருக்கு ஊர் உண்டு. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலடுக்குப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். அந்தச் சுரண்டும் வேலை எஸ்டிமேட்டில் ஓர் இனமாக இருக்கிறதா என்று பாருங்கள். லிஸ்டில் இல்லாத பாயசம் பந்திக்கு வராது.

பிறகு, பணம் எந்தப் பானையிலிருந்து?

எஸ்டிமேட் தயாரானதும் இரண்டு அனுமதிகள் தேவை. இந்த வேலை வேண்டும், இதற்குப் பணம் இருக்கிறது என்பது நிர்வாக அனுமதி. இந்தக் கணக்கும் வரைபடமும் சரி என்பது தொழில்நுட்ப அனுமதி. வீட்டில் பெரியவர் "சரி, நடத்துவோம்" என்பது முதலாவது. சமையல் தெரிந்த பெரியம்மா லிஸ்டைப் பார்த்து "பருப்பு பத்தாது, நெய் அதிகம்" என்று திருத்துவது இரண்டாவது. தொகை பெரிதாகப் பெரிதாக, இந்த அனுமதிகள் நகராட்சியைத் தாண்டி மேலதிகாரிகளிடம் போகும்.

பணம் வரும் பானைகளும் பல. சொத்துவரியும் கடை வாடகையும் சேரும் நகராட்சிப் பொது நிதி ஒன்று. நிதிக்குழு மானியம் ஒன்று. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், பொதுமக்களும் பங்கு போடும் நமக்கு நாமே திட்டம் போன்ற மாநிலத் திட்டங்கள் வேறு. எந்தப் பானை என்பதைப் பொறுத்து நிபந்தனைகள் மாறும். பாயசத்துக்கென்று மாமா கொடுத்த பணத்தில் பந்தல் போட முடியாது.

அதன் பின், ஊருக்குச் சொல்வது

இங்கிருந்து டெண்டர் சட்டம் உள்ளே வருகிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதற்கான 2000-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன.

முதல் விதி, ஊருக்குத் தெரிய வேண்டும். டெண்டர் செய்தி இதழிலும், தொகையைப் பொறுத்து நாளிதழிலும், அரசின் மின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்திலும் அறிவிப்பு வரும். இரண்டாவது விதி, அவகாசம் தர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள். அதற்கு மேல் 30 நாள். இதைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும்.

நாள் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? நாளை மறுநாள் கல்யாணம் என்று இன்று சொன்னால், ஏற்கெனவே காதில் போட்டு வைத்த மாஸ்டர் மட்டும்தான் வருவார். மற்ற மாஸ்டர்களுக்கு ஆள் திரட்டவும் விலை விசாரிக்கவும் நேரம் இருக்காது. ஆகவே அவசரம் என்று எழுதியிருக்கும் டெண்டரைக் கண்டால், அந்த அவசரத்துக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். வெள்ளத்தில் பாலம் போனதென்றால் அது அவசரம். இயற்கைப் பேரிடர் போன்ற நெருக்கடிகளுக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. நிதியாண்டு முடிகிறது என்பது நெருக்கடியில் சேராது.

அடுத்து, இரண்டு கவர்

டெண்டர் போட வருபவர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். இ.எம்.டி. என்பது இதுதான். வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. விளையாட்டுக்கு விலை சொல்லிவிட்டு, வேலை கிடைத்ததும் வராமல் போனால் அந்தப் பணம் போச்சு. வேலை கிடைக்காதவருக்குத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

பெரிய வேலைகளில் இரண்டு கவர் முறை உண்டு. முதல் கவரில் தகுதி: பதிவுச் சான்று, இதற்கு முன் செய்த வேலைகள், சொந்தமாகவோ வாடகைக்கோ இருக்கும் எந்திரங்கள். இரண்டாவது கவரில் விலை. முதல் கவரில் தேறியவர்களின் இரண்டாவது கவரை மட்டும் திறப்பார்கள். மாஸ்டர் முன்னால் எந்தக் கல்யாணத்தில் சமைத்தார், அங்கே சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்த பிறகு "இலைக்கு எவ்வளவு?" என்று கேட்பதைப் போல. முதலிலேயே விலையைக் கேட்டுவிட்டால், மலிவு என்ற ஆசையில் ருசியை விசாரிக்க மறந்துவிடுவோம்.

முதல் கவரின் நிபந்தனைகளை யார் எழுதினார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஊரில் ஒரே ஒரு மாஸ்டரிடம் மட்டும் இருக்கும் ஒரு பாத்திரத்தைச் சொல்லி, "அது வைத்திருப்பவர்தான் வரலாம்" என்று போட்டால் டெண்டர் அங்கேயே முடிந்துவிட்டது. மீதி எல்லாம் சடங்கு.

திறப்பதும் ஒப்பிடுவதும்

முன்பு தகரப் பெட்டி இருந்தது. பெட்டி பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள், யாரைக் கிட்டே விடவில்லை என்பதெல்லாம் ஊர்க்கதை. இப்போது கவர்கள் இணையத்தில் பூட்டிக் கிடக்கின்றன. குறித்த நேரத்துக்கு முன்னால் திறக்க முடியாது. ஒருவர் தனியாகத் திறக்க முடியாதபடி, ஒன்றுக்கு மேற்பட்ட அதிகாரிகளின் டிஜிட்டல் கையெழுத்து தேவை. நேரில் திறந்த காலத்துக்கான விதி இன்றும் நல்ல விதி: டெண்டர் போட்டவர்கள் முன்னிலையில், பெயரையும் விலையையும் உரக்கப் படிக்க வேண்டும், அடித்தல் திருத்தல் எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும்.

பிறகு விலைகளை வரிசைப்படுத்துவார்கள். குறைந்த விலை சொன்னவர் எல்1, அடுத்தவர் எல்2. தகுதியுள்ளவர்களில் எல்1-க்குத்தான் வேலை. அவர் சொன்ன விலையும் அதிகம் என்று தோன்றினால் குறைக்கச் சொல்லிப் பேசலாம். அவரிடம் மட்டும்தான் பேசலாம். எல்2-ஐத் தனியாகக் கூப்பிட்டு "நீ இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள், உனக்கே தருகிறேன்" என்று சொல்லக் கூடாது.

விலை மிகவும் குறைவாக இருந்தாலும் சந்தேகம் வர வேண்டும். எல்லா மாஸ்டரும் இலைக்கு 300 ரூபாய் சொல்லும்போது ஒருவர் மட்டும் 180 சொன்னால், அவர் எதில் குறைப்பார்? நெய்யில், முந்திரியில், அரிசியின் ரகத்தில். அதனால் எஸ்டிமேட்டைவிட வெகுவாகக் குறைத்துக் கேட்பவரிடம் கூடுதல் காப்புத்தொகை வாங்குவது வழக்கம். குறைத்துக் கேட்டவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால், மீதி வேலைக்கு அது கைகொடுக்கும்.

இதில் அநியாயம் நடந்துவிட்டதாக நினைக்கும் ஒப்பந்ததாரர், முடிவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இப்போதுதான் மன்றக் கூட்டம்

இத்தனை படிகளையும் தாண்டித்தான் ஒரு டெண்டர் மன்றத்தின் மேசைக்கு வருகிறது. தொகையைப் பொறுத்து, ஏற்கும் அதிகாரம் ஆணையாளரிடமோ மன்றத்திடமோ அதற்கு மேலேயோ இருக்கும். மன்றத்துக்கு வந்தால், அஜெண்டாவில் ஒரு பத்தி: பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், குறைந்த விலை யாருடையது, மன்றத்தின் அனுமதிக்கு.

கவுன்சிலருக்குப் பிடித்த ஒப்பந்ததாரரைத் தேர்வு செய்ய இங்கே இடமில்லை. கேள்வி கேட்க இடமுண்டு. எத்தனை பேர் டெண்டர் போட்டார்கள்? ஒருவர் மட்டும் என்றால் ஏன்? எல்லா விலையும் எஸ்டிமேட்டை ஒட்டியே, சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் வந்திருக்கிறதா? பத்து லட்ச ரூபாய் வேலையை ஏன் நாலு துண்டாக வெட்டியிருக்கிறார்கள்? இந்த நாலு கேள்வியைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். 'ஆல் பாஸ்' என்று கை தட்டிவிட்டால், அந்த ஐந்து நிமிடமும் போய்விடுகிறது.

எல்லா விலையும் ஒட்டி வருவதை ஊரில் 'சிண்டிகேட்' என்பார்கள். மாஸ்டர்கள் எல்லாம் டீக்கடையில் கூடி, "இந்தக் கல்யாணம் உனக்கு, அடுத்தது எனக்கு" என்று பேசிவைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேருக்கு விலையை ஏற்றிச் சொல்வது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது. ஆனால் டீக்கடைப் பேச்சுக்கு ரசீது கிடையாது. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப அதே பெயர்கள் மாறி மாறி எல்1 ஆவதுதான் கண்ணுக்குத் தெரியும் தடயம்.

கடைசியில், இலை எண்ணுவது

பிறகு ஒப்பந்தம் கையெழுத்தாகும். வேலை உத்தரவு போகும். ஊர்க்காரர்கள் டெண்டர் கதை இங்கே முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பணம் இனிமேல்தான் வெளியே போகப் போகிறது.

கல்யாண வீட்டில் மாஸ்டருக்கு எதை வைத்துப் பணம் தருகிறோம்? இலைக் கணக்கை வைத்து. ஒவ்வொரு பந்தியிலும் பெண் வீட்டு ஆள் ஒருவர், மாஸ்டர் ஆள் ஒருவர். பந்தி உட்கார்ந்ததும் இலையை எண்ணிச் சின்ன நோட்டில் எழுதி, இருவரும் ஒத்துக்கொள்வார்கள். இலையை எடுத்துவிட்டால் பிறகு எண்ண முடியாது. வீட்டு ஆள் சீட்டாடப் போய்விட்டால், மாஸ்டர் சொன்ன எண்ணிக்கைதான்.

நகராட்சியில் அந்தச் சின்ன நோட்டுக்கு எம்-புக் என்று பெயர், அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு வரிசை எண் போட்டிருக்கும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். களத்தில் இருக்கும் பொறியாளர் நாடாவைப் பிடித்து நீளம், அகலம், ஆழம் என்று அளந்து எழுதுவார். மேலே இருப்பவர் அதில் ஒரு பகுதியைத் தானே நேரில் அளந்து சரிபார்க்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் உள்ள அளவை டெண்டரில் ஒத்துக்கொண்ட விலையால் பெருக்கினால் வருவதுதான் பில்.

மூடிப் போகும் வேலைகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். வடிகாலின் அடியில் போட்ட கான்கிரீட், சாலைக்குக் கீழே போட்ட ஜல்லி எல்லாம் எடுத்துவிட்ட இலை மாதிரி. மூடுவதற்கு முன் அளக்காவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் எண்ண முடியாது.

பில்லில் முழுத்தொகையும் போகாது. ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்த பிறகும் ஒப்பந்தத்தில் சொன்ன காலம் வரை, கெட்டுப்போனால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரி செய்ய வேண்டும். அந்தக் காலம் கழிந்த பிறகுதான் பிடித்த பணம் முழுதாகத் திரும்பும். போன மாதம் போட்ட சாலை இந்த மாத மழையில் பெயர்ந்தால், அதற்கு நகராட்சி மறுபடி டெண்டர் விட வேண்டியதில்லை. பழைய ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டாலே போதும்.

ஆக, எங்கே பார்க்க வேண்டும்?

எல்லாரும் நடுவில் பார்க்கிறார்கள். டெண்டர் திறந்த நாள், மன்றத்தில் நடந்த சண்டை, யாருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் நடு. சட்டமும் இணையமும் சேர்ந்து அந்த நடுப்பகுதியை ஓரளவு பூட்டிவிட்டன. காசு கசிவது இரண்டு ஓரங்களில்: முன்னால் போடும் எஸ்டிமேட்டில், பின்னால் எழுதும் எம்-புக்கில். ஏலத்திலும் அப்படியே: முன்னால் போட்ட குறைந்தபட்சத் தொகை, பின்னால் வாசலைத் தாண்டிய பொருளின் எடை.

இந்த இரண்டு ஓரங்களையும் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 ஆவண நகல் கேட்பதோடு நிற்கவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைக் கேட்டுப் பெறவும் அது உரிமை தருகிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும்.

உங்கள் தெருவில் கடைசியாக நடந்த ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி மூன்று தாள்களைக் கேளுங்கள்: எஸ்டிமேட், ஒப்பந்தம், அந்த வேலைக்கான எம்-புக் பக்கங்கள். மூன்றும் வந்ததும் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நீளத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். கனத்தில் சந்தேகம் என்றால் மாதிரி கேட்டு இன்னொரு மனு எழுதுங்கள். கணக்கு ஒத்துப் போனால், நல்ல வேலை செய்த பொறியாளரிடம் அதையும் சொல்லிவிட்டு வாருங்கள். ஒத்துப் போகாவிட்டால் அந்த மூன்று தாளையும் உங்கள் கவுன்சிலர் கையில் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் 'ஆல் பாஸ்' சொல்வதற்கு முன் அவர் ஒருமுறை யோசிப்பார்.